ஆப்பிரிக்காவில் திருச்செங்கோட்டு ரிக்: வாய் வார்த்தை எவ்வளவு தூரம் போகும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் எடுத்திருக்கோம்.)



போன மாசம் நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார். ஆப்பிரிக்காவுல காண்ட்ராக்ட்டுல பறக்குற பைலட்டுங்க நிலைமையைப் பத்தி ஒரு எபிசோடு பண்ணுங்களேன்னு. பண்ணலாம்தான். ஆனா கோயம்புத்தூர்ல உக்காந்துகிட்டு ஆப்பிரிக்கா, காண்ட்ராக்ட், மெஷின் ஓட்டுற ஆளு, இந்த மூணையும் சேர்த்து யோசிச்சா, நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு மனசுல வர்றது விமானம் இல்லைங்க. ரிக் வண்டி. அதனால பைலட் கதை நடுவுல கொஞ்சம் வரும். மத்ததெல்லாம் போர்வெல் டிரில்லரோட கதை.

ஈரோட்டுல இருந்து அரை மணி நேரம் போனா திருச்செங்கோடு. நாமக்கல் மாவட்டம். டி.என். 34 நம்பர் பிளேட் போட்ட போர்வெல் லாரியை ராஜஸ்தான்லயும் பார்க்கலாம், சத்தீஸ்கர்லயும் பார்க்கலாம். ரிக் கட்டுறது, ஓட்டுறது, ஸ்பேர் விக்கிறது, ஆள் பிடிச்சு அனுப்புறது எல்லாமே அந்த ஊர்ல தொழில். அந்த வண்டிங்க கப்பல் ஏறி தான்சானியா, கென்யா, நைஜீரியான்னு போக ஆரம்பிச்சப்போ, கூடவே ஆளுங்களும் போனாங்க.

இந்த எபிசோடுக்காக திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் ஆப்பிரிக்கா போய்ட்டு வந்த நாலு பேர்கிட்ட பேசினேன். பேர் வேண்டாம்னு நாலு பேருமே சொன்னாங்க. ஏன்னு போகப் போகப் புரியும்.

முதல்ல வேலை என்னன்னு பார்ப்போம்

ஒரு செட்டுன்னா ரெண்டு லாரி. ஒண்ணுல ரிக், இன்னொண்ணு சப்போர்ட் வண்டி. அதுல ராடு, கேசிங் பைப், டீசல், அரிசி மூட்டை, பாத்திரம் எல்லாம் இருக்கும். டிரில்லர், டிரைவருங்க, ஹெல்பருங்க, சமையல்காரர், மேனேஜர்னு சுமாரா பத்து பேர். மாசக்கணக்குல வண்டியோடயே வாழ்க்கை.

நம்ம ஊர்ல ஓடுறது பெரும்பாலும் டி.டி.எச். முறை. கம்ப்ரஸர்ல இருந்து வர்ற காத்து, ராடு வழியா கீழ போய், குழிக்குள்ள இருக்கிற ஹேமரை அடிக்க வைக்கும். ஹேமர் முனையில பிட். அதுல கார்பைடு குமிழ் பதிச்சிருக்கும். அது கல்லை நொறுக்கும், அதே காத்து அந்தப் பொடியை மேல தள்ளும். இருபது அடி ராடு ஒண்ணு இறங்கினதும் அடுத்த ராடு. இப்படியே 500 அடி, 800 அடி, நம்ம பக்கம் ஆயிரத்தைத் தாண்டியும் போகுது.

இதுல டிரில்லரோட கெட்டிக்காரத்தனம் எங்க இருக்கு? காதுலயும் கண்ணுலயும். ஹேமர் சத்தம் மாறினா கல்லு மாறுதுன்னு தெரியணும். பொடி கலர் மாறினா என்னன்னு தெரியணும். மண்ணு சரியுற இடத்துல நேரத்துக்கு நிறுத்தலைன்னா ஹேமர் உள்ளயே மாட்டிக்கும். லட்சக்கணக்கான ரூபா சாமான் பூமிக்குள்ள போயிடும். இதை எந்த காலேஜ்லயும் சொல்லித் தர்றதில்லை. ஹெல்பரா சேர்ந்து, ராடு தூக்கி, பத்து வருஷத்துல லீவர்கிட்ட வர்றதுதான் வழி.

இந்த அனுபவம் ஆப்பிரிக்காவுல செல்லுபடி ஆகுறதுக்கு ஒரு அருமையான காரணம் இருக்கு. தென்னிந்தியா, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் கோடிக்கணக்கான வருஷம் முன்னாடி கோண்ட்வானான்னு ஒரே நிலமா ஒட்டிக்கிட்டு இருந்தது. அதனால அங்க பல இடத்துல கீழ இருக்கிறது நம்ம நாமக்கல், சேலத்துல இருக்கிற மாதிரியே ரொம்பப் பழைய கடினப் பாறை. தண்ணி அந்தப் பாறையோட வெடிப்புலதான் கிடைக்கும். சங்ககிரியில பாறையைக் கேட்டுப் பழகின காதுக்கு அங்க இருக்கிற பாறை அந்நியம் இல்லை.

இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 1967-ல பீகார் வறட்சி சமயத்துல யுனிசெஃப் காத்தழுத்தத்துல ஓடுற ரிக்குங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. போர் போட்டாச்சு, ஆனா மேல மாட்டின கைப்பம்பு அடிக்கடி ரிப்பேர். அதுக்குத் தீர்வா 1970-கள்ல வந்ததுதான் இந்தியா மார்க் 2 கைப்பம்பு. நம்ம கிராமத்து முக்குல இருக்குமே, அதேதான். அடுத்து 1980-கள்ல கோயம்புத்தூர் பக்கத்து கிராமங்கள்ல உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து பம்புங்களைச் சோதிச்சாங்க. கிராமத்து ஆளே கழட்டி மாட்டுற மாதிரி இந்தியா மார்க் 3 அதுல இருந்து வந்தது. இந்த ரெண்டு பம்பும் ஆப்பிரிக்கா முழுக்கப் போச்சு. உகாண்டாவுல யு-2, யு-3ன்னு பேரு. ஆக, நம்ம மண்டலத்துக்கும் ஆப்பிரிக்கத் தண்ணிக்கும் உறவு நேத்து வந்தது இல்லை.

காசு எப்படிப் பேசுறாங்க

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். ரிக் தொழில்ல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்னு ஒண்ணு கிடையாது. ஓனர் கூப்பிடுவார், அட்வான்ஸ் ஒரு தொகை தருவார், மாசத்துக்கு இவ்வளவு, அடிக்கு இவ்வளவு பேட்டான்னு வாயாலயே பேசுவார். வீட்டுச் செலவுக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமா அனுப்புவார். மழைக்காலத்துல வண்டி ஊருக்கு வரும்போது உக்காந்து கணக்கு முடிப்பாங்க.

கார்ப்பரேட் ஆபீஸ்ல ஒரு லேப்டாப் வாங்கவே மூணு அப்ரூவல் போடுற நமக்கு இது பயங்கரமா தெரியும். ஆனா ஊருக்குள்ள இது ஓடுது. ஏன் ஓடுதுன்னா, ஓனர் யாரு மகன், எந்த ஊரு, எந்தக் கோயில் காணியாளருன்னு எல்லாருக்கும் தெரியும். காசு வரலைன்னா அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கலாம். மாமனார்கிட்ட சொல்லலாம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில நாலு பேர் முன்னாடி கேக்கலாம். அடுத்த சீசனுக்கு ஆள் கிடைக்காதுங்கிற பயம் ஓனருக்கும் இருக்கும். அதாவது வாய் வார்த்தைக்குப் பின்னாடி ஒரு பலம் இருக்கு. அந்த பலம் எதுன்னா, பக்கத்துல இருக்கிறது.

அதே வாய் வார்த்தையை அப்படியே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போறாங்க. வார்த்தை போகுது. பலம் போகலை. இன்னைக்கு நான் சொல்ல வர்றது இவ்வளவுதாங்க.

தான்சானியாவுல ரெண்டு வருஷம் இருந்த அண்ணன் ஒருத்தர் சொன்னதைச் சொல்றேன். முதல்ல பிசினஸ் விசாவுல போனார். "அங்க போய் மாத்திக்கலாம் தம்பி"ன்னு ஓனர் சொல்லியிருக்கார். இறங்கினதும் பாஸ்போர்ட்டை மேனேஜர் வாங்கி வச்சுக்கிட்டார், ரினியூவலுக்குன்னு. சம்பளத்துல பாதி வீட்டுக்கு, பாதி கடைசியில செட்டில்மென்ட். முதல் ஆறு மாசம் எல்லாம் சரியா நடந்தது. அப்புறம் கம்ப்ரஸர்ல ஒரு பார்ட் போச்சு. ஸ்பேர் இந்தியாவுல இருந்து வரணும். அஞ்சு வாரம் வண்டி நின்னுச்சு. வண்டி நின்னா அடி கிடையாது. அடி இல்லைன்னா பேட்டா கிடையாது.

"நம்மூர்ல வண்டி நின்னா நான் வீட்டுக்குப் போயிருவேனுங்க. ரெண்டு நாள் தோட்டத்து வேலையப் பாப்பேன். அங்க எங்க போறது? சாப்பாடு போட்டாங்க, அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனா அஞ்சு வாரமும் லாரிக்கு அடியில படுத்து வானத்தப் பாத்துட்டுக் கெடந்தேன்"னு சொன்னார்.

திரும்பி வந்ததுக்கு அப்புறமும் செட்டில்மென்ட் முழுசா வரலை. ஓனர் வீட்டுக்குப் போனா, அவரோட அப்பா காபி கொடுத்து, "பையன் வந்ததும் சொல்றேன் கண்ணு"ங்கிறார். ஓனர் ஆப்பிரிக்காவுல இருக்கார். அண்ணன் ஏன் புகார் கொடுக்கலை? அவரோட மச்சான் அதே ஓனரோட இன்னொரு வண்டியில இருக்கார். பேர் வேண்டாம்னு சொன்னதும் அதனாலதான்.

ஓனர் பக்கத்தையும் சொல்லணும். எல்லாரும் வேணும்னே ஏமாத்துறவங்க இல்லை. அங்க போர் போட்ட இடத்துல பில் வர மாசக்கணக்காகும். உள்ளூர் காசுல வர்றதை டாலரா மாத்தணும். நைஜீரியாவை எடுத்துக்கோங்க. 2023 ஜூன்ல நைராவைச் சந்தை விலைக்கு விட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு டாலருக்கு 460 நைரா பக்கம் இருந்தது. வருஷக் கடைசியில 900-ஐத் தொட்டுச்சு. நைரா கணக்குல போர் போட்டவருக்கு வருமானம் பாதி. அந்த அடி மேல விழுறப்போ, ஓனர் முதல்ல டீசல்காரருக்குக் கொடுப்பார், அப்புறம் ஸ்பேர், அப்புறம் பேங்க் இ.எம்.ஐ. எழுத்துல எதுவும் இல்லாத ஆளுக்குக் கடைசியில.

சட்டம் எங்க போச்சு?

வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்காக 1983-ல இருந்து ஒரு குடிபெயர்வுச் சட்டம் இருக்கு. பத்தாவது பாஸ் பண்ணாத ஒருத்தர் வேலைக்குப் போறார்னா, அவரோட பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை. அவர் சில நாடுகளுக்குப் போகும்போது அரசாங்கம் காண்ட்ராக்ட்டைப் பார்த்து கிளியரன்ஸ் கொடுக்கணும். கூடவே 10 லட்ச ரூபாய் இன்சூரன்ஸ் கட்டாயம். ரெண்டு வருஷத்துக்கு பிரீமியம் வெறும் 275 ரூபா.

நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த நாடுங்க எவை? மொத்தம் 18. வளைகுடா நாடுங்க, மலேசியா, ஈராக் மாதிரி. ஆப்பிரிக்காவுல லிபியா, சூடான், தெற்கு சூடான், அவ்வளவுதான். தான்சானியா இல்லை, கென்யா இல்லை, நைஜீரியா இல்லை, மாலி இல்லை. அதாவது துபாய்க்குப் போற கொத்தனாரோட காண்ட்ராக்ட்டை ஒரு ஆபீசர் பார்க்குறார். நைஜீரியாவுக்குப் போற டிரில்லரோட காண்ட்ராக்ட்டை யாரும் கேக்குறதில்லை. அவர் பத்தாவது பாஸ்னா எந்த நாட்டுக்குப் போனாலும் கேக்குறதில்லை.

அதே சட்டப்படி ஏஜென்ட் பதிவு பண்ணியிருக்கணும், 30,000 ரூபாய்க்கு மேல, ஜி.எஸ்.டி. தனி, வாங்கக் கூடாது. ஆனா நம்ம கதையில ஏஜென்ட்டே இல்லையே. சொந்த ஊர் ஓனர், சொந்த வண்டி. மாமன் மச்சான் உறவுல கூட்டிட்டுப் போறாங்க. அதை யாரும் ஆள் எடுக்குற தொழிலாவே நினைக்கிறதில்லை. இந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலா புதுசு கொண்டு வர 2025-ல ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசு கருத்துக் கேட்டு வெளியிட்டுச்சு. அதுல இந்த மாதிரி ஆளுங்க எப்படி வருவாங்கன்னு நாம கவனிக்க வேண்டியிருக்கு.

விசா விஷயம் இதைவிட மோசம். பிசினஸ் விசாவுல போய் ரிக் ஓட்டினா, அந்த நாட்டுச் சட்டப்படி தப்பு பண்றது யாரு? நம்ம ஆளுதான். சம்பளம் வரலைன்னு அங்க லேபர் ஆபீசுக்குப் போனா, முதல் கேள்வி "உன் வொர்க் பர்மிட் எங்க?"ன்னு வரும். அதனால போக மாட்டார். அது ஓனருக்கும் தெரியும்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்குறது இல்லை. 2024-ல கேமரூன்ல ஜார்க்கண்ட் தொழிலாளிங்க சம்பளம் இல்லாம மாட்டிக்கிட்டாங்க. ஜூலையில 27 பேர், டிசம்பர்ல 47 பேர். போக்காரோ, கிரிடி, ஹசாரிபாக் மாவட்டத்து ஆளுங்க. மொபைல்ல வீடியோ எடுத்துப் போட்ட பிறகுதான் வெளிய தெரிஞ்சுது. ஜார்க்கண்ட் அரசு மும்பை கம்பெனி ஒண்ணு மேலயும் புரோக்கருங்க மேலயும் வழக்குப் பதிவு பண்ணி, ஆளுங்களைத் திருப்பிக் கொண்டுவந்தாங்க. 2025 நவம்பர் 6-ஆம் தேதி மாலி நாட்டுல மின்சார வேலைக்குப் போயிருந்த நம்ம தென்காசி, தூத்துக்குடி மாவட்டத்து ஆளுங்க அஞ்சு பேரை ஆயுதக் கும்பல் கடத்திட்டுப் போச்சு. ஒரு இடத்துல சம்பளம் போச்சு, இன்னொரு இடத்துல உயிருக்கே ஆபத்து. எங்க போறோம், யார்கிட்ட போறோம், நம்ம பேர் எந்தப் பதிவுல இருக்குங்கிறது ரெண்டுலயும் முக்கியம்.

பைலட்டுக்கும் டிரில்லருக்கும் நடுவுல

இப்போ அந்த நேயரோட கேள்விக்கு வர்றேன். பைலட்டுக்கு மட்டும் எல்லாம் சரியா நடக்குதான்னா, இல்லை. 2012-ல கிங்ஃபிஷர் நின்னப்போ, 2019 ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னப்போ, பைலட்டுங்களுக்கே மாசக்கணக்குல சம்பளம் பாக்கி. ஆனா அவங்க கையில லைசென்ஸ் இருக்கு. பறந்த ஒவ்வொரு மணி நேரமும் லாக்புக்ல இருக்கு. அதை எடுத்துட்டு இன்னொரு நாட்டுக்குப் போய் வேலை கேக்கலாம். இந்தியாவுல 365 நாள்ல 1000 மணி நேரத்துக்கு மேல ஒரு பைலட்டைப் பறக்க விடக் கூடாதுன்னு விதி இருக்கு.

டிரில்லர் எத்தனை லட்சம் அடி போட்டிருக்கார்? யாரும் எழுதி வைக்கலை. ராத்திரி பூரா ஓட்டினார்னா, காலையில தூங்க விடணும்னு விதி இருக்கா? உலர் பொடி மூக்குல ஏறுறதை யாராவது கணக்கெடுக்குறாங்களா? அந்தப் பொடியில இருக்கிறது சிலிக்கா. வருஷக்கணக்கா சுவாசிச்சா சிலிகோசிஸ் வரும். வந்துட்டா குணப்படுத்த வழியில்லை. தண்ணி விட்டு அடிச்சா பொடி குறையும், ஆனா தண்ணியே இல்லாத இடத்துக்குத்தானே ரிக் போகுது. அவர் கையில இருக்கிற ஒரே காகிதம் ஹெவி லைசென்ஸ். அது அவர் லாரி ஓட்டத் தெரிஞ்சவர்னு சொல்லும். பாறையைக் காதால படிக்கத் தெரிஞ்சவர்னு சொல்லாது.

போறவங்களுக்கு என்ன சொல்றது?

போகாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். போய் வீடு கட்டினவங்க இருக்காங்க, சொந்த வண்டி வாங்கினவங்க இருக்காங்க. நாலு பேர்ல ரெண்டு பேர் மறுபடி போகத் தயார். அதனால, ஏறுறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்னு மட்டும் சொல்றேன்.

ஒண்ணு: விசா. வேலை செய்யுற விசா, வொர்க் பர்மிட் கைக்கு வந்த பிறகு டிக்கெட். "அங்க போய் மாத்திக்கலாம்"னா, மாத்தின பிறகு வர்றேன்னு சொல்லலாம்.

ரெண்டு: ஒரே ஒரு பக்கம். தமிழ்லயே இருக்கட்டும். மாசச் சம்பளம் எவ்வளவு, ரூபாயிலயா டாலர்லயா, வண்டி நின்னா எவ்வளவு, திரும்பி வர டிக்கெட் யாரு, கணக்கு எந்தத் தேதியில முடியும். ஓனரோட இந்திய முகவரி, கையெழுத்து, ரெண்டு சாட்சி. நாளைக்கு இங்கயே கேக்குறதுக்கு அது ஒரு பிடி.

மூணு: பாஸ்போர்ட். அது இந்திய அரசாங்கத்தோட சொத்து. மேனேஜர் வச்சுக்க அவருக்கு உரிமை இல்லை. முத்திரை போட வாங்கினா திருப்பி வாங்கணும். போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடணும்.

நாலு: காய்ச்சல். பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கார்டு வேணும். கிளம்புறதுக்குப் பத்து நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும். அதைவிட முக்கியம் மலேரியா. அங்க இருக்கிற வகை சில நாள்லயே உயிரை எடுக்கக்கூடியது. ஊருக்கு வந்து ஒரு மாசத்துக்குள்ள, ஏன் அதுக்கு அப்புறமும், காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே "ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கேன், மலேரியா டெஸ்ட் எடுங்க"ன்னு இருக்கணும். இல்லைன்னா அவர் டெங்குன்னு நினைச்சு அந்த வழியில போயிடலாம்.

அஞ்சு: பதிவு. அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துல பேரைப் பதியணும். மாட்டிக்கிட்டவங்களுக்கு டிக்கெட் எடுக்கக்கூட தூதரகங்கள்ல ஒரு சமூக நல நிதி இருக்கு. புகாருக்கு வெளியுறவு அமைச்சகத்தோட மதத் போர்ட்டல் இருக்கு. தமிழ்நாட்டுல அயலகத் தமிழர் நலத்துறை, நல வாரியம், ஹெல்ப்லைன் எல்லாம் இருக்கு. போறதுக்கு முன்னாடியே உறுப்பினர் ஆயிடறது நல்லது.

இதையெல்லாம் அந்த அண்ணன்கிட்ட சொன்னேன். சிரிச்சார். "ஓனர்கிட்ட பேப்பர் கேட்டா, நம்பிக்கை இல்லையான்னு கேப்பாருங்க"ன்னார். அவர் சொல்றது நியாயம்தான். தனியா ஒருத்தர் கேட்டா அது அவமரியாதையாத்தான் தெரியும். பத்து பேர் செட்டும் சேர்ந்து கேட்டா, அது வழக்கமாயிடும். ரிக் ஓனர்களுக்கு ஊருக்கு ஊர் சங்கம் இருக்கு. டீசல் விலை ஏறினா அடி ரேட்டை ஏத்தி நோட்டீஸ் அடிச்சு ஒட்டுறாங்க. அதே சங்கம் வெளிநாடு போற ஆளுக்கு ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்தை அச்சடிச்சு வைக்கலாம். ஒரு நோட்டீஸ் செலவுதான்.

நம்ம பக்கத்துல இருந்தும் ஒண்ணு செய்யலாம். இதைக் கேக்குற பாதிப் பேருக்கு நாமக்கல், ஈரோடு, சேலம் பக்கம் சொந்தம் இருக்கும். யாராவது ரிக்கோட ஆப்பிரிக்கா கிளம்புறாங்கன்னா, அந்த ஒரு பக்கத்தை டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து, படிச்சுக் காட்டிட்டு வாங்க. அரை மணி நேர வேலை. விசா எந்த வகைன்னு பார்த்துச் சொல்லுங்க. பாஸ்போர்ட்டை ஸ்கேன் பண்ணி அவங்க வீட்டு அம்மா போன்ல போட்டு வைங்க.

ரிக்குல போனவங்க, போகப் போறவங்க, ஓனருங்க, யாரா இருந்தாலும் உங்க அனுபவத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் வெளிய வராது. ஓனருங்க பேசினா அவங்களுக்குன்னே தனியா ஒரு எபிசோடு போடலாம்.

அடுத்த வாரம் பார்க்கலாம்.